வட்டு இல்லை

கடையை மூடிய ஜமீல் பாஷா
பதினோரு அட்டைப்பெட்டிகளை எங்கள் கிளை நூலகத்துக்கு
ஆட்டோவில் அனுப்பிவைத்தார்.
ஆட்டோக் கூலியை நான் கொடுத்தேன்,
அது எந்தக் கணக்கிலும் வராது.

அகர வரிசை என்றார் மகிமைதாஸ்.
தலைப்பில் என்ன எழுத்தோ அந்தத் தட்டு, தீர்ந்தது வேலை.
லேசர் டிஸ்க் தட்டில் நுழையவில்லை.
ஆறே ஆறுதான். ஒவ்வொன்றும்
மளிகைக்கடைத் தராசுத் தட்டு அகலம்.
ஓட்டிப்பார்க்க வேலூரில் யாரிடமும் கருவி இல்லை,
ஆற்காட்டிலும் விசாரித்தாகிவிட்டது.
மாவட்ட வரைபடங்களோடு அவற்றைச் சாய்த்து நிறுத்தினோம்,
உயரத்தால் வந்த உறவு.

அகர வரிசை அத்தோடு போயிற்று.

இனி, எடுத்துப்போகிறவர் வீட்டில் எந்தப் பெட்டி இருக்கிறதோ அதுதான் வரிசை.
விசிடி கீழே. டிவிடி நடுவில்.
மண்டலம் ஒன்று என்று போட்ட அயல்நாட்டு டிவிடிகள் தனியாக,
விசா கிடைக்காதவர்கள் மாதிரி.
ப்ளூ-ரே கைக்கு எட்டாத மேல்தட்டில்.
எட்டினால் எடுத்துவிடுகிறார்கள்.
சத்துவாச்சாரி தணிகைவேல் அப்படித்தான் எடுத்துப்போய்
மறுநாளே சண்டைக்கு வந்தார்:
"உள்ள போட்டா டிஸ்க் இல்லைன்னு காட்டுது."

இருக்கிறது ஐயா.
ஒரு கீறல் இல்லாமல் உள்ளே சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.
உங்கள் பெட்டியின் வெளிச்சம் சிவப்பு,
இது நீலத்துக்குத்தான் வாய் திறக்கும்.
"இல்லைன்னுதானே சொல்லுது?" என்றார்.

விசிடியின் தொல்லை வேறு.
ஒரு படத்துக்கு இரண்டு வட்டு, இடைவேளையில் ஒடிந்தது போல.
முதல் பாதியைக் கொணவட்டத்தில் ஒருவரும்
இரண்டாம் பாதியைக் கொசப்பேட்டையில் ஒருவரும்
வைத்துக்கொண்டிருந்த வாரம் உண்டு.
அதன் பிறகு ரப்பர் பேண்டு வாங்கினோம்.
அதற்கும் என் காசு.

கடைசிப் பெட்டி முழுக்க வங்காளம்.
ஜமீல் பாஷாவின் நிஜ வியாபாரம் அப்போதுதான் புரிந்தது:
ஹவுரா ரயிலில் காட்பாடி வந்திறங்கி
லாட்ஜ் அறையில் ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பவர்களுக்கு
நாள் வாடகைக்கு ஒரு பிளேயரும் இரண்டு படமும்.

ஓர் உறையில் படகு.
உள்ளே வலப்பக்கம் இரண்டாம் வட்டு சரியாக இருந்தது.
இடப்பக்கம் படமே அச்சிடாத வெள்ளை வட்டு,
மார்க்கரில் ஏதோ எண்.
பிளேயரில் போட்டேன். டிஸ்க் இல்லை.
ஆபீஸ் கம்ப்யூட்டரில் திறந்தது.

கறுப்பு வெள்ளை. சத்தம் இல்லை. பதினோரு நொடி.
ஓர் இதயம்.
வறண்ட பாலாற்றில் என்றைக்கோ தண்ணீர் விட்டால்
எங்கெங்கே வாய்க்கால் இருந்தது என்று தெரியுமே, அப்படி
மை ஓடுகிறது, கிளைகள் தெரிகின்றன, அழிகின்றன.
ஒரு கிளைக்கு மட்டும்
தண்ணீர் போய்ச் சேரவில்லை.
மூலையில் பெயர். வயது ஐம்பத்தெட்டு.
பெயரை இங்கே எழுத மாட்டேன்.

அறையைக் காலிசெய்த அவசரத்தில் மாறியிருக்கும்.
வர்த்தமானில் ஏதோ ஒரு டாக்டர்
அவர் நீட்டிய வட்டைப் போட்டிருப்பார்.
படகு வந்திருக்கும்.

மகிமைதாஸ் படிவத்தை எடுத்தார்.
மொழி: கோடு போட்டார்.
நேரம்: 0.11.
இயக்கம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.

ஜமீல் பாஷாவின் பழைய நோட்டில்
'ரூம் 14, பெங்காலி, முன்பணம் 200' என்பதற்கு மேல் ஒன்றுமில்லை.
லாட்ஜ் இருந்த இடத்தில் இப்போது
செல்போன் கவர் விற்கிறார்கள்.

வெள்ளை வட்டையும் இரண்டாம் பாதியையும்
ஒரே ரப்பரில் கட்டிக் கீழ்த்தட்டில் வைத்தேன்.
வகைப்படி பார்த்தால் தப்பு.
பதிவேட்டில் எழுதினேன்:
முதல் வட்டு, வெளியே.
எடுத்தவர், ரூம் 14.

திரும்ப வேண்டிய தேதியைக் காலியாக விட
மகிமைதாஸ் சம்மதிக்கவில்லை.
ஆடிட்டில் கேட்பார்களாம்.
பென்சிலால் ஏதாவது போட்டுவையுங்கள் என்றார்.